டெக்டானிக்: தச்சருக்கு உறவான சொல்

நிலநடுக்கம் வந்த மறுநாள் செய்தித்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் சொல் 'டெக்டானிக் பிளேட்'. பூமியின் மேற்புறமாக அமைந்த பிரம்மாண்டமான பாறைத் துண்டுகளின் பெயர் அது. 'டெக்டானிக்' கிரேக்கத்தின் 'டெக்டோன்' என்ற சொல்லில் பிறந்தது. மரவேலை செய்பவர், கட்டுபவர் என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'தக்ஷன்' அதன் உடன்பிறப்பு. அந்த வழியில், பிராகிருதம் தொட்டுத் தமிழுக்கு வந்தவர்தான் புறநானூற்றிலேயே இடம்பிடித்துவிட்ட நம் தச்சர். அயலாகத் தெரிந்த சொல் ஒன்றுவிட்ட உறவாகிவிட்டது! பூமியின் கட்டமைப்பைக் குறிக்க நிலவியலார் 'டெக்டானிக்'கை எடுத்துக்கொண்டார்கள். 'பிளேட்' 1960-களில் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் கண்டத்தட்டு, நிலத்தட்டு, புவித்தட்டு என்று பலவாறு எழுதுகிறோம். பசிபிக் தட்டில் பெரும்பகுதி கடலடிதான். அதைக் கண்டம் என்பதும் நிலம் என்பதும் பொருந்தாது. புவித்தட்டு பரவாயில்லை. ஆனால் 'தட்டு' என்றதும் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வருகிறதே! இதன் கனமோ ஏறக்குறைய 100 கி.மீ. கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்துப் 'பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது' என்போம். பூமியின் மேற்புறம் அப்படித்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் 'புவிப்பாளம்' இன்னும் பொருத்தம்.

இந்தப் பாளங்கள் ஓயாமல் நகர்கின்றன. விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்கி, இறுக்கம் ஏறி, ஒருநாள் சட்டென வழுக்கினால் நிலம் நடுங்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே அதுதான் நடந்தது. அதே விளிம்பின் வடக்கே, அந்தமானில், பாரன் தீவு எரிமலை புகைகிறது. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்கிறது. உராய்வுச் சூட்டில் அந்தத் தட்டு உருகித்தான் எரிமலைக் குழம்பு உண்டாவதாகப் பலர் எழுதுகிறார்கள். ஆனால் முக்கியக் காரணம் தண்ணீர். அடியில் அமிழும் தட்டு கசியவிடும் நீர், மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது.

தட்டுகள் மோதி மலை எழுவதற்குச் சான்று பூஜை அறையிலேயே இருக்கலாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுத்த சாளக்கிராமத்தைப் பாருங்கள். கறுத்த கல்லுக்குள், வரிவரியாக ஒரு சுருள். பெருமாளின் சக்கரமாக வணங்கப்படும் அது, அம்மோனைட் என்ற கடலுயிரின் புதைபடிவம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டில் மோதியபோது, நடுவிலிருந்த டெத்திஸ் கடலின் படிவுகள் மடிந்து இமயமாக எழுந்தன. அந்தச் சுருளும் மலையேறியது.