‘மறுவார்ப்பு’ என்னும் பிழை: ஒரு சொல் விளக்கம்

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் புகழ்பெற்ற வில்லன் வேடத்தை வேறொரு நடிகர் ஏற்கிறார் என்று செய்தி வந்தால் போதும், ‘பாத்திரம் மறுவார்ப்புச் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். பிரித்தானிய அறிவியல் புனைவுத் தொடரான ‘டொக்டர் ஹூ’வில் நாயகன் டொக்டரின் பகைவனாக வரும் மாஸ்டரைப் பற்றி அண்மையில் கண்ணிற்பட்ட ஒரு தமிழ்க் கட்டுரையில் இச்சொல் பந்திக்குப் பந்தி வந்திருந்தது. கூத்தாடும் களமாகிய களரியைச் சுற்றி விடியவிடிய உட்கார்ந்திருந்த மட்டக்களப்பார் காதில் அது ஏறவே ஏறாது. யாருக்கோ வேடம் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

பிழையின் வேர் எளிது. ஒரு வேடத்தை வேறொரு நடிகருக்குக் கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘ரீகாஸ்ட்’ என்பார்கள். அதன் உள்ளே இருக்கும் ‘காஸ்ட்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது; எறிதல் அதன் முதற்பொருள். வலை எறிவதும், உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதும், நாடகத்தில் இன்னாருக்கு இன்ன வேடம் என்று ஒதுக்குவதும் அந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. மொழிபெயர்த்தவர் உலோகக் கிளையைப் பிடித்துக்கொண்டு நாடகக் கிளையில் தொங்கவிட்டார். அவ்வளவுதான்.

சொல் ஒலிக்கு அழகாக இருப்பதாலேயே அது நிலைத்துவிடும் என்பதுதான் என் அச்சம். வார்த்தல் என்றால் ஊற்றுதல். தாரை வார்ப்பதும் சிலை வார்ப்பதும் நமக்குத் தெரிந்தவை. வெடித்துப்போன கோயில் மணியை உருக்கி மீண்டும் அச்சில் ஊற்றினால் அது மறுவார்ப்பு. அங்கே உலோகம் பழையது, உரு புதியது, ஓசைகூட மாறிவிடலாம். தொடரில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. உருவாகிய பாத்திரம் அப்படியே இருக்கிறது; அதைத் தாங்கிய ஆள்தான் போய் வேறோர் ஆள் வருகிறார். ஆகவே ‘பாத்திரம் மறுவார்ப்புச் செய்யப்பட்டது’ என்று படிக்கிற ஒருவர், எழுத்தாளர்கள் வில்லனின் குணத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் விளங்கிக்கொள்வார். அப்படி விளங்கிக்கொள்வது அவருடைய குற்றமும் அல்ல.

மாஸ்டரின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். பீபீசியில் 1963 நவம்பரில் தொடங்கிய அத்தொடரில் மாஸ்டர் 1971இல்தான் நுழைகிறான். முதலில் அவனாக நடித்த ரொஜர் டெல்காடோ 1973இல், வேறொரு படப்பிடிப்புக்காகத் துருக்கிக்குப் போயிருந்த இடத்தில், வீதி விபத்தில் இறந்துபோனார். 1976இல் பீற்றர் பிராட், தசை கருகி எலும்பு தெரியும் முகமூடியோடு அந்த வேடத்தை ஏற்றார். 1981இல் ஜெஃப்ரி பீவர்ஸ் அந்தச் சிதைந்த உருவிலேயே தோன்றி, அதே கதையின் முடிவில் வேடத்தை அந்தனி எயின்லியிடம் விட்டுச் சென்றார். எயின்லி 1989 வரை நடித்தார். 1996இன் தொலைக்காட்சிப் படத்தில் எரிக் ரொபர்ட்ஸ், 2007இல் டெரெக் ஜக்கோபியும் அவரை அடுத்து ஜோன் சிம்மும், 2014இல் மிஷெல் கோமெஸ், 2020இல் சாஷா தவான் என்று பட்டியல் நீளுகிறது. இத்தனை பேரையும் ‘மறுவார்ப்பு’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டும்போது, உண்மையில் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலாவது, படப்பிடிப்புத் தளத்தில் நடப்பது: ஒருவருக்குப் பதில் இன்னொருவர். இரண்டாவது, கதைக்குள் நடப்பது. டொக்டரும் மாஸ்டரும் சாகும் தறுவாயில் உடலைப் புதுப்பித்துக்கொள்ளும் இனத்தவர் என்பது தொடரின் கற்பனை. நடிகர் மாறுவதற்குக் கதையே காரணம் சொல்லிவிடுகிறது. ஆனால் 1981இல் நடந்தது அதுகூட அல்ல. எயின்லி அதே கதையில் டிரெமாஸ் என்ற நல்ல மனிதராக முதலில் வருகிறார். அந்த உடலை மாஸ்டர் பறித்துக்கொள்கிறான். இதற்குக் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்று சித்தர் கதைகளில் நமக்குச் சொல் இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதை கேட்ட பிள்ளைக்குக்கூடத் தெரிந்த அச்சொல்லை விட்டு, அங்கேயும் ‘உடல் மறுவார்ப்பு’ என்று அக்கட்டுரை எழுதியிருந்தது. படித்தபோது சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை.

மூன்றாவது, எழுத்துமேசையில் நடப்பது. 2014இல் மிஷெல் கோமெஸ் வந்தபோது மாஸ்டர் ‘மிஸ்ஸி’ என்ற பெண்ணானாள். டொக்டரோடு அவளுக்கு இருந்த பழைய நட்பின் மிச்சம் முன்னுக்கு வந்தது. பேச்சின் தொனியும் பகைமையின் சாயலும் வேறாயின. இங்கே ஆளும் மாறினார், பாத்திரமும் உருக்கி ஊற்றப்பட்டது. ‘மறுவார்ப்பு’ என்ற சொல்லை எங்காவது வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் இந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம், நான் மறுக்கமாட்டேன். ஆனால் டெல்காடோவின் மரணத்துக்குப் பின் வேடம் பிராட்டுக்குப் போனதற்கும் அதே சொல்லைச் செலவழித்துவிட்டால், மிஸ்ஸியைப் பற்றிச் சொல்லும்போது கையில் என்ன மிஞ்சும்?

கதை எந்தக் காரணமும் சொல்லாத தொடர்களும் உண்டு. 1966இல் தொடங்கிய ‘பேட்மன்’ தொடரில் கேட்வுமன் என்ற வில்லியாக ஜூலி நியூமர் நடித்தார். மூன்றாவது பருவத்தில் ஏர்தா கிட் வந்தார். இடையில் வந்த திரைப்படத்தில் லீ மெரிவெதர். யாரும் யாரிடமும் முகம் ஏன் மாறியது என்று கேட்கவில்லை. நம் வீடுகளில் இரவு நேரத்தில் ஓடும் தமிழகத் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடுமே, அந்தக் கண்ணியம்கூட அங்கே இருக்கவில்லை. அந்த மூன்று சொற்களை எழுதியவர் எந்தக் கலைச்சொல் அகராதியையும் புரட்டியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் பிழையின்றிச் சொல்லிவிட்டார்.

மறுவார்ப்புக்கு வக்காலத்து வாங்குவோர் ஒரு நியாயம் சொல்வார்கள்: புதிய நடிகர் தம் உடலையும் குரலையும் அச்சாக்கிப் பாத்திரத்தைப் புதிதாக வார்க்கிறார் அல்லவா என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது திறனாய்வு, செய்தி அல்ல. ஜோன் சிம் மாஸ்டரைப் புதிதாக வார்த்தாரா, டெல்காடோவின் நிழலில் நின்றாரா என்பது பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது. அவர் வேடமேற்ற நாளிலேயே அந்தத் தீர்ப்பைப் பெயர்ச்சொல்லாக்கித் தலைப்பில் போடுவது, நடிகருக்கும் வாசகருக்கும் செய்யும் அநியாயம். தனித்தமிழ்ச் சொல் என்ற தகுதியையும் சிலர் எடுத்துவைப்பார்கள். எழுத்து தமிழாக இருந்து எண்ணம் ஆங்கிலமாக இருக்கும் சொல்லை நான் தனித்தமிழ் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதைவிட, ‘அன்’ விகுதி சேர்ந்து நம்மவன் போலவே ஆகிவிட்ட ‘வில்லன்’ எனக்கு உவப்பானவன். அவனைத் துரத்திவிட்டு ‘எதிர்நாயகன்’ என்று எழுதினால், தீய குணமுள்ள கதாநாயகனோடு குழம்பிக்கொள்ளத்தான் வழிபிறக்கும்.

சரி, வேறு என்ன சொல்வது? வேடம் ஒதுக்குவதற்கு நம் கூத்தில் தேய்ந்து பழகிய சொல் உண்டு: சட்டம் கொடுத்தல். கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஆளின் குரலையும் உடற்கட்டையும் பார்த்து இன்னாருக்கு இன்ன வேடம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிய ஏட்டை நல்ல நாளில் கையில் கொடுப்பார். மட்டக்களப்பில் கன்னங்குடாவிலோ வந்தாறுமூலையிலோ ஒருவருக்குத் துரியோதனன் சட்டம் கிடைத்தால் ஊர் முழுதும் அதே பேச்சாக இருக்கும். கரப்புடுப்பு என்னும் கூத்து உடையின் பாரத்தோடு, களரிக்குள் வரும்போது ஆடும் வரவாட்டத்தை ஆடி நிற்க மூச்சு வேண்டுமே. அந்த வேடம் எல்லாருக்கும் கொடுக்கக்கூடியது அல்ல. ஆடியவர் தளர்ந்துபோனால் அந்தச் சட்டம் இன்னொருவர் கைக்குப் போகும். துரியோதனன் போகமாட்டான். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளிலோ ஒரே இரவில் ஒரே வேடத்தை இருவர் மூவர் பங்குபோட்டு ஆடுவார்கள். வேடம் வேறு, ஆள் வேறு என்ற தெளிவு அங்கெல்லாம் இருந்தது.

‘சட்டம் மாற்றிக் கொடுத்தல்’ என்று எழுத எனக்கு ஆசைதான். ஆயினும் களரி தெரியாத வாசகர் அதை நாடாளுமன்றச் செய்தி என்று எடுத்துக்கொள்வார். வெளியூருக்கு எழுதும்போது அந்த ஆசையை அடக்க வேண்டியிருக்கிறது. ‘வேடமாற்றம்’ என்றால் ஒரே ஆள் உடுப்பு மாற்றுவது போலாகும். ‘ஆள்மாறாட்டம்’ பரீட்சை மண்டபத்துக்கும் வாக்குச் சாவடிக்கும் உரிய குற்றம். எனவே செய்தியிலும் தலைப்பிலும் ‘நடிகர் மாற்றம்’ என்பதே போதும்; கொஞ்சம் நயம் வேண்டுமென்றால் ‘வேடம் கைமாறியது’ என்று வினையாக எழுதலாம். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதையும் அந்த வினை தன்னோடு இழுத்துவரும்.

கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். நாடகத் தமிழையும் ஆராய்ந்தவர். அவர் பிறந்த கரையிலிருந்து எழுதுகிற நாமே, அகராதியில் முதலில் நிற்கும் பொருளை ஒட்டிவிட்டுக் கலைச்சொல் என்று பெயர் சூட்டுவது தகுமா? இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டதால் ஒரு பிழை மறுநாளே பல பக்கங்களில் கிடக்கிறது. திருத்துவது ஒன்றும் பெரிய வேலை அல்ல. ‘1981இல் மாஸ்டர் பாத்திரம் மறுவார்ப்புச் செய்யப்பட்டது’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘1981இல் மாஸ்டர் வேடம் பீவர்ஸிடமிருந்து எயின்லிக்குக் கைமாறியது, கதையில் மாஸ்டர் டிரெமாஸின் உடலுக்குள் கூடுபாய்ந்தான்’ என்று எழுதினால், தொடரைப் பார்த்திராதவருக்கும் விளங்கும்.