குல்மார்க்கில் பனி பெய்த நாள்: பத்தில் ஒன்பது பங்கு காற்று

காலையில் கண் விழித்ததும் என் மகள் சொன்னாள்: "அப்பா, காது அடைச்ச மாதிரியே இருக்கு." முந்தைய நாள் காஷ்மீரில், மலையடிவார ஊரான தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு, டயரில் சங்கிலி கட்டிய வண்டி வளைந்து வளைந்து ஏறியபோது அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. கொட்டாவி விட்டால் திறக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அதையே மறுபடி இரண்டு மூன்று முறை செய்து பார்த்தாள். பலனில்லை. எழுந்து திரையை விலக்கினேன். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மரவேலி பாதி புதைந்திருந்தது, ஊசியிலை மரங்கள் பாரம் தாங்காமல் கிளைகளைத் தாழ்த்தியிருந்தன. அவள் காதில் ஒரு கோளாறும் இல்லை. வெளியேதான் சத்தம் இல்லை.

புதிதாக விழுந்த பனியை ஒரு பாத்திரம் நிறைய அள்ளி, உருக வைத்துப் பாருங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அதே இடத்தை அடைக்கும் புதுப்பனியின் எடை பெரும்பாலும் 50 முதல் 100 கிலோ. மீதி எல்லாம் காற்று. கிளை கிளையாக நீண்ட பனித்துகள்கள் ஒன்றன் மேல் ஒன்று படுக்கும்போது ஒழுங்காக அமைவதில்லை. இடையில் எண்ணற்ற சிறு சந்துகள் உண்டாகின்றன. ஒலி அந்தச் சந்துகளுக்குள் நுழைந்து, அங்குள்ள காற்றை முன்னும் பின்னும் அசைத்து, சுவரில் உரசி உரசிச் சிறு வெப்பமாகக் கரைந்துபோகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் ஒட்டிய பஞ்சு செய்யும் அதே வேலை. சில நாள் கழித்துப் பனி அழுந்தி, மேலே கெட்டி ஏடு படிந்துவிட்டால் இந்த அமைதி போய்விடும். கெட்டிப் பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்பும். அதனால், பனி பெய்த முதல் காலையில் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் நின்று கேளுங்கள். ஒரு பனிநாளில் கிடைக்கும் மிக அரிய பொருள் அந்த அமைதிதான் என்பது என் எண்ணம்.

நமக்கு எல்லாமே பனிதான். மார்கழியில் புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைப்பது மூடுபனி, ஊட்டியில் ஜனவரிக் காலையில் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி. ஊட்டியின் உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை, தரையை ஒட்டிய நீராவி புல்லின் மேலேயே உறைவது. குல்மார்க்கில் பெய்வது வேறு. காஷ்மீரியில் அதற்கு 'ஷீன்' என்று பெயர்.

இந்த ஷீனின் ஈரம் வெகு தொலைவிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் மழை தரும் காற்றமைப்புகள் குளிர்காலத்தில் கிழக்கே நகர்ந்து இமயமலையை முட்டுகின்றன. பீர் பஞ்சால் மலைத்தொடரில் ஏறும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும் குல்மார்க் சுமார் 2,650 மீட்டரிலும் இருக்கின்றன. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே மழையாக விழுவது மேலே ஏன் பனியாக விழுகிறது என்பது புரிந்துவிடும். டிசம்பர் 21 வாக்கில் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். அப்போது விழும் பனிதான் கோடையில் ஆறுகளை ஓட வைக்கும் சேமிப்பு.

சரி, மேகத்துக்குள் என்ன நடக்கிறது? மேகத்தின் நீர்த்துளி பூஜ்யம் டிகிரியில் உடனே உறைந்துவிடாது. பிடித்துக்கொள்ள ஒரு தூசி கிடைக்காவிட்டால் மைனஸ் 10-க்குக் கீழேகூடத் தண்ணீராகவே மிதக்கும். எங்கோ ஒரு துளி தூசியைப் பற்றி உறைந்ததும் நிலைமை மாறுகிறது. அந்தக் குளிரில் தண்ணீரை விடப் பனிக்கட்டி நீராவியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி வற்ற, அந்த ஆவியை வாங்கி வாங்கிப் படிகம் வளர்கிறது. மழைத்துளி உறைந்து பனித்துகள் ஆவதில்லை. ஆவி நேராகப் படிகமாகிறது. நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அமைவதால் துகளுக்கும் ஆறு கை.

எல்லாத் துகளும் நட்சத்திர வடிவில் இருப்பதில்லை. மைனஸ் 5 டிகிரி அருகில் மெல்லிய ஊசிகள், மைனஸ் 15 அருகில் கிளைவிட்ட நட்சத்திரங்கள். இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டவர் ஜப்பானின் ஹொக்கைடோவில் பணியாற்றிய உகிச்சிரோ நகாயா. 1936-இல், முயல் மயிர் ஒன்றின் நுனியில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த நிலையில் எந்த வடிவம் வரும் என்று வரைபடமே தயாரித்தார். கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டினால் நீங்களும் மேலே என்ன நடந்தது என்று படிக்கலாம். கை சூடு படுமுன் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தனித்தனியே பார்த்தால் துகளுக்கு நிறம் கிடையாது. கண்ணாடி போல இருக்கும். குவியலாகச் சேரும்போது மட்டும் வெள்ளை. கல்கண்டை உரலில் இடித்தால் வெளுத்துப்போகிறதே, அதே காரணம்தான். எண்ணற்ற பரப்புகளில் பட்டு எல்லா நிற ஒளியும் சமமாகச் சிதறித் திரும்புகிறது. புதுப்பனி, விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். புற ஊதாக் கதிரையும் அப்படித்தான். எனவே வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கும். என் தாடையின் அடிப்பக்கம் தோல் உரிந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. கறுப்புக் கண்ணாடியைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் மாட்டுங்கள். கண்ணின் வெளிப்படலமே வெந்துபோகும் ஆபத்து உண்டு.

பத்து மணிக்குப் பனிப்பந்து விளையாடப் போனோம். பந்து நிற்கவே இல்லை. வறுத்த ரவையைப் பிடித்த மாதிரி உதிர்ந்தது. நண்பகலில் அதே பனி, பிடிகொழுக்கட்டை மாவு போலச் சொன்னபடி கேட்டது. பூஜ்யத்தை நெருங்கும்போது துகள்களின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அழுத்தினால் இரண்டு துகள்களின் படலம் ஒன்றாகி, நடுவில் உறைந்து, பாலம் போட்டுவிடும். இரண்டு பனிக்கட்டிகள் தொட்டாலே ஒட்டிக்கொள்வதை 1850-இல் மைக்கேல் ஃபாரடே கவனித்து, பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற ஒரு படலம் இருக்க வேண்டும் என்று சொன்னார். அன்று பலரும் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த சோதனைகள் அவர் பக்கம்தான் நின்றன.

சறுக்குவண்டிக்கும் அந்தப் படலம் வேண்டும். எடையின் அழுத்தத்தால் பனி உருகி வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் அது நிற்காது: உருகுநிலையை ஒரு டிகிரி இறக்க, காற்றழுத்தத்தைப் போல 130 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அகலமான மரப்பலகையில் உட்கார்ந்த ஓர் ஆளால் அது நடக்காது. உரசலில் பிறக்கும் வெப்பம்தான் முக்கியம் என்று 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். வண்டி இழுப்பவர் முதலில் தள்ளும்போது திணறுவதும், ஓடத் தொடங்கியபின் வண்டி தானே பறப்பதும் இதனால்தான்.

அஃபர்வத் சிகரத்துக்குப் போகும் மேல்கட்டக் கேபிள் கார் அன்று ஓடவில்லை. வருத்தப்பட வேண்டாம். பழைய பனியின் மேல் புதுப்பனி இன்னும் ஒட்டாத நேரத்தில், 30 முதல் 45 டிகிரி சரிவுகள்தான் பனிச்சரிவுக்குப் பேர்போனவை.

மாலையில் மேகம் கலைந்தது. நட்சத்திரம் தெரிந்ததும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், விடுதிக்காரர் மட்டும் கூடுதல் கம்பளியைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்குத் தெரியும். பனி பெய்யும்போது மேகம் போர்வை போல மூடி, தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அது விலகியதும் வெப்பம் நேரே வானத்துக்குப் போகும். ஊட்டியில் தெளிந்த இரவில்தான் உறைபனி வரும் என்பார்களே, அதே கதை. ஆனால் பனிக்கு அடியில் இருக்கும் மண் அவ்வளவு குளிராது. மேலே மைனஸ் 10 இருந்தாலும், ஆழமான பனிக்குக் கீழே பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் தொளதொளவென்று ஃபெரன் அங்கியைப் போட்டு, உள்ளே கங்குச் சட்டியான காங்கிரியை வைத்துக்கொள்வதும் இதே தந்திரம்தான். சிறைப்பட்ட காற்று வெப்பத்தை விடாது.

மறுநாள் காலை நல்ல குளிர். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸுக்குக் கீழே 'கிறீச், கிறீச்' என்றது. முந்தைய மதியம் இந்தச் சத்தம் இல்லை. அப்போது நீர்ப்படலம் மசகு போல நழுவவிட்டது. இப்போது துகள்களும் அவற்றுக்கிடையே உறைந்த பாலங்களும் நேராக முறிகின்றன. மகள் குனிந்து ஒரு அடி வைத்தாள், நின்றாள், இன்னொரு அடி வைத்தாள்.

"அப்பா, இப்ப நல்லா கேக்குது."