ஜெபம் பண்ணி முடித்தால் சண்டை முடிந்துவிடுமா?

மறுபடியும் அதே கதை. சொத்து விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு, தோளில் கை போட வைத்து, "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க தம்பி" என்று சொல்ல வைத்து, ஒரு ஜெபம். சபையே கைதட்டும். நிலம் யார் பேரில் இருக்கிறது, கடனை யார் கட்டுகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆறு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்ததும், "சபைக்கு முன்னால மன்னிச்சவர்தானே, இப்ப ஏன் இப்படி?" என்று வாயில் கை வைக்கிறார்கள். குடும்ப ஆலோசனை கொடுக்கிறவர்களைக் கேட்டால், ஆறு மாதம் தாங்கியதே அதிசயம் என்பார்கள்.

இதற்கு எரேமியா 6:14-ல் பொருத்தமான ஒரு வார்த்தை இருக்கிறது: மேற்பூச்சு. சமாதானமில்லாதபோதே "சமாதானம் சமாதானம்" என்று சொல்லி, ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்கிறார் தீர்க்கதரிசி. இயேசு பாக்கியவான்கள் என்று சொன்னது சமாதானம் "பண்ணுகிறவர்களை". சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறவர்களை அல்ல.

குடும்ப ஆலோசனை கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் எரிச்சல் வரவைக்கும் தப்பெண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மன்னித்தால் மறந்துவிட வேண்டும், மறந்தால் பழையபடி பழக வேண்டும், பழகாவிட்டால் மன்னிக்கவே இல்லை என்று ஒரு சங்கிலி. இதில் மூன்று தனித்தனி காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது. அதை ஒருவர் தனியாகவே செய்யலாம், எதிராளி செத்துப்போயிருந்தாலும் செய்யலாம். ஒப்புரவாவதற்கு, அதாவது உறவு மறுபடி சேர்வதற்கு, இரண்டு பேர் வேண்டும். தப்பு செய்தவர் ஒத்துக்கொள்ளாமல் அது நடக்காது. நம்பிக்கை மூன்றாவது. அதை யாரும் கேட்டு வாங்க முடியாது, நடந்து காட்டித்தான் சம்பாதிக்க முடியும். மன்னிப்பு ஒரே நாளில் வரலாம். நம்பிக்கைக்கு மாதங்கள் ஆகும், சில இடங்களில் வராமலே போகும்.

வேதத்திலிருந்தே காட்டச் சொல்வார்கள். யோசேப்பைப் பாருங்கள். தன்னை அடிமையாக விற்றுவிட்டு, பிற்பாடு தானியம் வாங்க வந்து நின்ற சகோதரர்களைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கட்டிப்பிடிக்கவில்லை. சிமியோனைப் பிடித்து வைத்தார், கடைசித் தம்பி பென்யமீனை அழைத்து வரச் சொன்னார், வெள்ளிப் பாத்திரத்தை அவன் சாக்கில் வைக்கச் செய்தார். "விற்றுப்போடுவோம்" என்று ஒரு காலத்தில் யோசனை சொன்ன அதே யூதா, "பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்னால் வந்து நின்ற பிறகுதான் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியாமல் போனது. முதல் பயணத்திலேயே, ஆள் கண்ணில் படாத இடத்தில் அவர் அழுதுவிட்டார் என்பதையும் கவனியுங்கள். மனசு இளகியது முன்னால், தன்னை வெளிப்படுத்தியது பின்னால்.

ஏமாற்றிய தம்பி யாக்கோபும் ஏமாந்த அண்ணன் ஏசாவும் கட்டிப்பிடித்து அழுததை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் யாக்கோபு அனுப்பி வைத்த மந்தையை யாரும் எண்ணுவதில்லை. வெள்ளாடு 220, செம்மறி 220, ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி. கட்டிப்பிடித்த பிறகும் இருவரும் ஒரே ஊரில் குடியிருக்கவில்லை. ஏசா சேயீருக்குத் திரும்பினார், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனார். சமாதானமாகிவிட்டது, விலாசம் வேறு. ஆகவே, "மன்னிச்சுட்டீங்கன்னா ஏன் தனியா இருக்கீங்க?" என்ற கேள்வியைத் தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள்.

மன்னிப்பைச் சில்லறைக் காரியமாக்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். மத்தேயு 18-ல் வருகிற உவமையில் முதல் வேலைக்காரனுக்கு ராஜா மன்னித்துவிட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்று கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி, தலைமுறைகளுக்கும் அடையாத தொகை. இரண்டாமவன் அந்த முதல் வேலைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியது 100 வெள்ளிப்பணம். அதை "அற்பத் தொகை" என்று சொல்லித் தாண்டிப் போகிறார்கள். நூறு நாள் கூலி அற்பமா? மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். மன்னிக்கிறவர் விட்டுக்கொடுப்பது உண்மையான நஷ்டம் என்பதை இயேசு மறைக்கவில்லை. நாம்தான் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லி, காயப்பட்டவரை இரண்டாம் தடவை காயப்படுத்துகிறோம்.

சரி, மத்தேயு 18:15. தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் போய் அதை உணர்த்தச் சொல்கிற வசனம். எல்லாருக்கும் மனப்பாடம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்பதை மட்டும் யாரும் செய்வதில்லை. நடைமுறையில் முதல் படிக்கும் முன்னால் நாமே ஒரு படி கட்டியிருக்கிறோம்: ஜெப விண்ணப்பம். "பேர் சொல்ல மாட்டேன், நம்ம பாடகர் குழுவில ஒரு சகோதரிக்காக பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க, குடும்பத்தில பிரச்சினை" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. பாடகர் குழுவில் இருப்பது நாலே சகோதரிகள். இதற்குப் பெயர் கோள். "விறகில்லாமல் நெருப்பு அவியும்" என்று நீதிமொழிகள் 26:20 சொல்வது இதைத்தான். பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரை மனதில் வைத்துக் குத்திப் பேசுவதும் இந்த வகையில்தான் சேரும். பாஸ்டர்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். யாரைச் சொல்கிறீர்கள் என்று கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

இரண்டாம் படியில் "இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு" போவது என் கட்சிக்கு ஆள் சேர்க்க அல்ல. சாட்சி என்றால் இரண்டு பக்கமும் பேசுவதைக் கேட்டு, நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லாதபடி இருக்கிறவர். தேவைப்பட்டால் அழைத்துப் போனவரையே "தப்பு உங்க மேலதான்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். உங்கள் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மன்னிப்புக் கேட்பதில் நடக்கும் கோளாறைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "நான் பேசினது உங்க மனசைப் புண்படுத்தியிருந்தால் மன்னிச்சுக்கோங்க." கேட்க நன்றாக இருக்கிறது. அந்த "ஆல்" விகுதியைப் பாருங்கள். புண்பட்டதா இல்லையா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை, புண்பட்டால் அது உங்கள் மனசின் பலவீனம் என்று நைசாகத் திருப்பிவிடுகிறது. அடுத்து வருவது "ஆனா": "தப்புதான், ஆனா நீங்களும் அன்னைக்கு..." அதோடு மன்னிப்புக் கேட்டது போய், வாதம் ஆரம்பித்துவிட்டது. லூக்கா 15-ல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய குமாரன் தகப்பனிடம் சொன்னதில் "ஆல்" இல்லை, "ஆனா" இல்லை. "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்", அவ்வளவுதான். பசியும் பஞ்சமும் அவனுக்கும் காரணமாகச் சொல்லக் கிடைத்தவைதான், சொல்லவில்லை. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "போன ஞாயிற்றுக்கிழமை, உங்க பிள்ளைங்க முன்னால, உங்களைப் பொய்க்காரன்னு சொன்னேன். அது தப்பு." அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். உடனே "மன்னிச்சிட்டீங்கதானே?" என்று நெருக்காதீர்கள்.

பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால் வாய்வார்த்தை போதாது. எண்ணாகமம் 5:7 பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்க் கொடுப்பதாகச் சொன்னார். நம்மிடத்தில் அசலே வருவதில்லை, சபையில் எழுந்து சொல்லும் சாட்சி மட்டும் வருகிறது.

குடும்பத்துக்குள்ளே ஒரு சின்ன விஷயம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதைப் பிடித்துக்கொண்டு, இராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து சண்டையைத் "தீர்க்கிற" தம்பதிகள் உண்டு. வசனம் எரிச்சல் தணிவதைச் சொல்கிறது, வழக்குக்குத் தீர்ப்பெழுதச் சொல்லவில்லை. நெஞ்சு படபடக்கும்போது காதில் எதுவும் ஏறாது. உடம்பு அடங்கவே 20 நிமிடமாவது வேண்டும். எழுந்து போவது தப்பில்லை, சொல்லாமல் போவதுதான் தப்பு. "எனக்கு இப்ப பேச முடியலை, நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். ஏழு மணிக்கு வந்து உட்காருங்கள். வராவிட்டால் அடுத்த தடவை அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

மத்தியஸ்தம் செய்கிற மூப்பர்களுக்கும் பாஸ்டர்களுக்கும் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாளே இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் கேளுங்கள். முதலில் பேசுகிறவன் நீதிமான் போலத்தான் தெரிவான் என்று நீதிமொழிகள் 18:17 எச்சரித்திருக்கிறது. அதனால் ஒரு பக்கம் கேட்டு முடித்ததும் தலையாட்டிவிடாதீர்கள். சேர்த்து உட்கார வைக்கும் நாளில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. அவர் முடித்ததும், "இவர் என்ன சொன்னார்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். பாதிச் சண்டையின் வேர் அங்கேயே வெளியே வரும். சொல்லாததையும் சேர்த்துச் சொல்வார்கள். முடிவை எழுதுங்கள்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். "இனிமேல் அன்பாக இருப்போம்" என்பது முடிவல்ல. "அம்மாவின் மருத்துவச் செலவில் பாதி, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள்" என்பது முடிவு. அன்பு கணக்கு வைக்காது என்பார்கள். 1 கொரிந்தியர் 13:5-ல் "தீங்கு நினையாது" என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது கணக்கெழுதுவதற்கான சொல்தான், உண்மை. அங்கே எழுதக் கூடாது என்றது அடுத்தவர் செய்த தீங்கை. ஒப்பந்தத்தை அல்ல. இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, ஆறு வாரம் கழித்து ஒரு தடவை கூப்பிட்டு விசாரியுங்கள். கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள், மனைவியிடமும் சரி, கணவரிடமும் சரி.

அடி, உதை, மிரட்டல், பிள்ளைகளிடம் தகாத தொடுகை: இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. "தனித்திருக்கையில் உணர்த்து" என்று அடிபட்டவரை அடித்தவரிடம் தனியாக அனுப்புவது கொடுமை. முதலில் பாதுகாப்பான இடம், பிறகு மருத்துவம், போலீஸ். அதிகாரத்தில் இருக்கிறவன் பட்டயத்தை (தண்டிக்கும் வாளை) விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று ரோமர் 13 சொல்கிறது. அதைச் சபைக் கமிட்டி பிடித்துக்கொள்ள வேண்டாம். சபைப் பெயர் கெட்டுவிடும் என்று ஒரு பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறோம்.

எல்லாம் சரியாகச் செய்தும் எதிராளி இறங்கி வராவிட்டால்? எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று சொன்ன பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இரண்டு நிபந்தனை போட்டுத்தான் எழுதினார். அவரும் உடன் ஊழியரான பர்னபாவும், மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று முட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். வருடங்கள் கழித்து, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா" என்று அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். நடுவில் எத்தனை தடவை பேசினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

உங்களுக்கும் பேச வேண்டிய ஒருவர் இருந்தால், நீளமான செய்தி எழுதாதீர்கள், சண்டை அங்கேயே தொடங்கிவிடும். மூன்று வரி போதும்: "அன்னைக்கு நடந்ததைப் பற்றி நேரில் பேசணும். நான் செய்த தப்பும் அதில் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வசதிப்படுமா?" கீழே வசனம் எதையும் ஒட்ட வேண்டாம்.