நரம்பழற்சியா, மூளையழற்சியா?

மூளை போன்ற நரம்புத்திசுவில் மூளும் அழற்சியைக் குறிக்கும் 'நியூரோஇன்ஃபிளமேஷன்' என்ற சொல்லைத் தமிழாக்க உட்கார்ந்தால் பின்பாதி தானாக வந்துவிடும், முன்பாதிதான் படுத்தும்.

பின்பாதியின் வேர் 'தீ மூட்டு' என்னும் லத்தீன் வினை. நமக்கு அழல் இருக்கிறது. சுழல் சுழற்சி ஆனதுபோல அழல் அழற்சி ஆயிற்று. முள் குத்திய விரல் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் ரோமாபுரியின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

மூளைக்குள் ஆண்டுக்கணக்கில் புகையும் அழற்சி இப்படி வெளியே தெரியாது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வே கிடையாது. அங்கே காவல் காப்பது மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்பு செல். ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா 1919-இல் அதை அடையாளம் காட்டினார். மிக்ரோஸ் என்றால் சிறியது, கிளியா என்றால் பசை, இரண்டும் கிரேக்கம். ஆனால் இது எதையும் ஒட்டுவதில்லை. 'நுண்பசையணு' என்று பெயர்த்தால் பழைய தப்பும் கூடவே வரும். 'மூளைக் காவலணு' என்பது என் கட்சி.

இந்தக் காவலணு சும்மா இருக்கும்போதும் மெல்லிய கிளைகளை நீட்டித் துழாவிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் கிளைகளைச் சுருக்கி உருண்டு திரளும். மற்ற செல்களுக்குச் சேதி சொல்லும் சைட்டோகைன் புரதங்களை உமிழும், செத்த செல்லை விழுங்கும். இது தணியாமல் நீண்டால் நல்ல நரம்பணுவும் அடிபடும். கைகால் நடுங்கி விறைக்கும் பார்க்கின்சன் நோயில், நடுமூளையின் கரும்பகுதியில் ஒரு நரம்பணு செத்தால் அதன் கருநிறமி வெளியே கொட்டி, காவலணுவை மேலும் உசுப்பும்.

1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், எம்பிடிபி என்ற நச்சு கலந்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சிலர் பார்க்கின்சன் நோயாளிகள்போல விறைத்துப்போனார்கள். அந்த நச்சால் நோயுற்று இறந்த 3 பேரின் மூளை ஆய்வு 1999-இல் வெளியானது. நச்சு ஏறி 3 முதல் 16 ஆண்டுகள் ஆகியும் காவலணுக்கள் அடங்கவில்லை. பற்றவைத்தது நச்சு, அணையாமல் இருந்ததில் அழற்சிக்கும் பங்குண்டு என்ற சந்தேகம் இதனால் வலுத்தது.

சரி, முன்பாதிக்கு வருவோம். 'நரம்பழற்சி' ஏற்கெனவே, ஏதோ ஒரு நரம்பில் வரும் அழற்சியான நியூரைட்டிஸுக்குப் போய்விட்டது. பார்வை நரம்பழற்சி என்று கண் மருத்துவத்தில் சொல்வது அதைத்தான். 'மூளையழற்சி' என்றால் என்செபலைட்டிஸ். காய்ச்சலும் வலிப்புமாகச் சில நாளில் ஆளைச் சாய்ப்பது. இரண்டில் எதைப் போட்டாலும் வாசகர் வேறு நோய்க்குப் போய்விடுவார். அதனால் நான் 'நரம்புத்திசு அழற்சி' என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மூளையைப் பற்றி மட்டுமே பேசும் கட்டுரை என்றால், முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் வெறும் 'அழற்சி' என்றே விட்டுவிடலாம்.