வற் 18 ஆன பிறகும் 15 போட்ட பட்டன்

2024 ஜனவரி 1இல் இலங்கையில் வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அடுத்த கிழமை கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா அழைத்தார். "தம்பி, நான் 18 எண்டுதான் அடிக்கிறன். பில் பட்டனை அமத்தினா திரும்பியும் 15 வருது." ஒரு இலட்சம் ரூபாய் பில்லுக்கு 3,000 ரூபாய் குறைகிறது. அதைக் கடைதான் கட்ட வேண்டும். எக்செலில் அந்தப் பட்டனை இயக்கும் கோடை, அதாவது மக்ரோவை, எழுதியவரோ எப்போதோ வெளிநாடு போய்விட்டார்.

பட்டனை ரைட் கிளிக் செய்து 'அசைன் மக்ரோ' பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி' என்றிருந்தது. அதாவது கோட் பில் ஃபைலில் இல்லை. அந்தக் கணனியில் எக்செலோடு சேர்ந்து மறைவாகத் திறக்கும் வேறொரு ஃபைலில். மக்ரோ பட்டியலில் 'எடிட்' கொடுத்தால் எக்செல் மறுக்கும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஆல்ட்டோடு எஃப்11 அழுத்தி, இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரை விரித்தால் போதும், கோட் அங்கே இருக்கும்.

கை வைக்குமுன் இரண்டு ஃபைலையும் பிரதி எடுத்தேன். மக்ரோ ஷீட்டில் மாற்றியதை கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது.

தேடும்போது 0.15 என்று மட்டும் தேடாதீர்கள். 'கரண்ட் புரொஜெக்ட்' முழுவதிலும் வெறும் 15 என்று தேடினேன். வரியைக் கூட்டும் இடத்தில் 0.15, வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும் இடத்தில் 15/115. முதலாவதை மட்டும் திருத்தியிருந்தால் பில் சரியாகி, மாத முடிவுக் கணக்கு பிழைத்திருக்கும். இன்னோரிடத்தில் 'சி15' என்ற செல், வாடிக்கையாளர் பெயர் விழும் இடம். 'ரிப்ளேஸ் ஆல்' போட்டிருந்தால் பெயர் மூன்று வரிசை கீழே போயிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கோடுக்குள் 18 என்றும் எழுதவில்லை. டிசம்பர் பில்லை மறுபடி அச்சடிக்கக் கேட்டால் 15தானே வர வேண்டும்? ஒரு ஷீட்டில் தொடங்கும் திகதியையும் வீதத்தையும் எழுதி, பில் திகதிக்கு ஏற்றதை மக்ரோ எடுக்கும்படி செய்தேன். அப்புறம் கோடை பில் ஃபைலுக்கே மாற்றி, பட்டனையும் அதோடு இணைத்து, எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமித்தேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் கோட் போய்விடும்.

கடைசியாக எஃப்8 அழுத்தி கோடை வரிவரியாக ஓட்டினோம். ஒரு இலட்சத்துக்கு டிசம்பர் 31 பில்லில் 15,000, ஜனவரி 1 பில்லில் 18,000. அக்கா இரண்டையும் அச்சடித்துக் கால்குலேட்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.