காய்கறியின் நிறம் எங்கே போகிறது?

கோடையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளும். பீன்ஸ், தக்காளி, பீட்ரூட், கீரை என்று கூடை நிறைந்துவிடும். அடுப்படிக்கு வந்த பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிறம் மாறும். பச்சை பீன்ஸ் வேக வேகக் காக்கி நிறத்துக்குப் போகும். தக்காளி கொதிக்கக் கொதிக்கச் சிவப்பு குறையாமல் நிற்கும். பீட்ரூட் தன் சிவப்பையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வெளிறும். ஊதா பீன்ஸோ கொதிநீரில் சில நிமிடம் கிடந்தால் பச்சையாகவே மாறிவிடும். நான்குக்கும் கொடுத்தது ஒரே சூடுதான். விளைவு மட்டும் ஏன் நான்கு விதம்?

அந்தக் காயில் இருக்கும் நிறமி எந்த வகை, அது செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இது தெரிந்தால் சமையல் எளிதாவதோடு, மிஞ்சிய இலையையும் தோலையும் வைத்து வெயிலிலேயே படம் எடுக்கும் அருமையான கைவேலை ஒன்றும் கைவரும். சட்டியில் நடப்பதும் காகிதத்தில் நடப்பதும் ஒரே வேதியியல்தான்.

நிறமிகளை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். இலையிலும் பச்சைக் காயிலும் இருக்கும் பச்சையம், அதாவது குளோரோஃபில், கேரட், தக்காளியில் இருக்கும் கரோட்டினாய்டுகள், சிவப்பு முட்டைக்கோஸ், கத்தரித்தோல், ஊதா பீன்ஸ் ஆகியவற்றின் ஆந்தோசயனின்கள், பீட்ரூட்டின் பீட்டாலெயின்கள். முதல் இரண்டும் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. செல்லுக்குள் தனித்தனி நுண்ணுறுப்புகளில் தங்கியிருக்கும். மற்ற இரண்டும் தண்ணீரில் கரைபவை. செல்லின் நடுவே இருக்கும் பெரிய சாற்றுப்பையில் கரைந்து கிடக்கும். அந்தச் சாறு இயல்பிலேயே புளிப்பானது. இந்தப் புளிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலில் நிறத்தைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

பச்சை பீன்ஸிலிருந்து தொடங்குவோம். கொதிநீரில் போட்டுவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதல் அரை நிமிடத்தில் பச்சை மங்காது, முன்பைவிடப் பளிச்சென்று கூடும். பச்சைக் காயின் செல்களுக்கு இடையே நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவை ஒளியைச் சிதறடித்து நிறத்தின் மேல் ஒரு மெல்லிய வெண்மையைப் படரவிடும். சூடேறியதும் காற்று விரிந்து குட்டிக் குமிழிகளாக வெளியேறும், அந்த இடத்தில் சாறு நிரம்பும். திரை விலகிய மாதிரி உள்ளே இருக்கும் பச்சை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் இழப்பு. குளோரோஃபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சைக்குப் பொறுப்பு அந்த அமைப்புதான். சூட்டில் சவ்வுகள் கிழிந்ததும் சாற்றுப்பையின் புளிப்பு வெளியே கசிந்து குளோரோஃபிலைத் தொடும். அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஃபியோஃபைட்டின் என்ற மங்கிய காக்கிப் பொருள். ரொம்ப நேரம் வெந்த பீன்ஸின் நிறம் அது.

காரணம் புரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். தண்ணீர் தாராளமாக இருந்தால் கசியும் அமிலம் நீர்த்துப்போகும். மூடி போடாவிட்டால் ஆவியாகக்கூடிய அமிலங்கள் நீராவியோடு வெளியேறிவிடும். மூடினால் மூடியில் பட்டுத் திரும்பவும் சட்டிக்குள்ளேயே சொட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போட்டு, ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் பச்சை நிற்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ப்பதாக இருந்தால் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். முன்கூட்டியே பிழிந்து வைத்தால் எவ்வளவு பக்குவமாக வேகவைத்திருந்தாலும் காக்கி நிறம் வந்தே தீரும்.

ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பச்சை அப்படியே இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், சோடா அமிலத்தை முறித்துவிடும். ஆனால் அதே சோடா செல் சுவரைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள்களையும் கரைக்கும். காய் குழைந்து கொழகொழவென்று ஆகிவிடும், வைட்டமின்களும் வீணாகும். நிறத்துக்காக இவ்வளவையும் இழப்பது எனக்குச் சம்மதமில்லை. இதைவிட மோசமான வழி ஒன்றும் வரலாற்றில் உண்டு. மக்னீசியம் போன இடத்தில் செம்பு அணு வந்து உட்கார்ந்தால் அசைக்க முடியாத பளீர்ப் பச்சை கிடைக்கும். அதற்காகவே ஒரு காலத்தில் ஊறுகாய்க் காய்களைச் செம்புப் பாத்திரத்தில் வினிகரோடு கொதிக்கவைத்தார்கள், செம்புக் காசையும் உள்ளே போட்டார்கள். அளவு மீறிய செம்பு நஞ்சு. வேதியியலாளர் ஃபிரெடரிக் ஆக்கம் 1820-இல் லண்டனில் உணவுக் கலப்படத்தைப் பற்றி எழுதியபோது இந்தப் பச்சை ஊறுகாய்களையும் கடுமையாகச் சாடினார்.

தக்காளியின் கதை நேர்மாறானது. அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், கார்பன் அணுக்கள் நீளமாகக் கோத்த ஒரு மூலக்கூறு. அதில் பதினொரு இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. இந்த நீண்ட வரிசைதான் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதற்குப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை, கொதிநீரின் சூடும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சமைக்கும்போது லைகோபீன் அழிவதில்லை. செல் சுவர்கள் உடைந்து அது வெளியே வருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் சூடாக்கி அளந்து பார்த்தார்கள். 2 நிமிடத்தில் பிரித்தெடுக்க முடிந்த லைகோபீன் 54 சதவீதம் கூடியிருந்தது, 15 நிமிடத்தில் 171 சதவீதம். வைட்டமின் சி மட்டும் அதே 15 நிமிடத்தில் 15 சதவீதம் குறைந்தது. ஆகவே பச்சையாகச் சாப்பிடுவதா, சமைத்துச் சாப்பிடுவதா என்று சண்டை வேண்டாம், இரண்டும் வேண்டும். சமைக்கும்போது கொஞ்சம் எண்ணெய் சேர்க்க மறக்காதீர்கள். தக்காளி வதங்கும்போது ஓரத்தில் பிரிந்து நிற்கும் எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். லைகோபீன் எண்ணெய்க்கு மாறிவிட்டதற்கான அடையாளம் அது. உடலும் அதை அந்த எண்ணெயோடு சேர்த்துத்தான் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஊதா பீன்ஸுக்கு வருவோம். அதன் தோலில் இருக்கும் ஆந்தோசயனின், சாற்றுப்பையின் புளிப்பில் இருக்கும்வரைதான் ஊதா. பை உடைந்து நிறமி தண்ணீரில் கலந்ததும் நீர்த்துப்போகும். புளிப்பும் குறைவதால் நிறமே தெரியாத வடிவத்துக்கு மாறிவிடும். அதுவரை அடியில் மறைந்திருந்த குளோரோஃபில் அப்போதுதான் வெளியே தெரியும். பச்சை புதிதாக வரவில்லை, மேலே இருந்த ஊதாதான் விலகியது. அந்த ஊதாவுக்காகவே வளர்த்தீர்கள் என்றால் மெல்லிசாக நறுக்கிப் பச்சையாகவே சாலட்டில் சேர்த்துவிடுங்கள்.

சிவப்பு முட்டைக்கோஸும் இதே குடும்பம். வினிகர் பட்டால் செக்கச்செவேல் என்று ஆகும், காரத்தன்மை உள்ள தண்ணீரில் வேகவைத்தால் நீலமாகும். இந்தக் குணத்தை அறிவியல் வெகுகாலத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டது. ராபர்ட் பாயில் 1664-இல், வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாவதை எழுதிவைத்தார். நிறம் மாறுவதைக் கொண்டு அமிலமா காரமா என்று சோதிக்கும் முறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

பீட்ரூட்டையும் இதே வகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதன் பீட்டாலெயின் முற்றிலும் வேறொரு மூலக்கூறு, அதில் நைட்ரஜன் உண்டு. பீட்ரூட், தண்டுக்கீரை, போகன்வில்லா எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆந்தோசயனினையும் பீட்டாலெயினையும் இயற்கையில் ஒருசேர உண்டாக்கும் செடி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. இது எனக்குத் தீராத வியப்பு. வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பீட்ரூட்டைத் தோல் சீவாமல், வால் வேரையும் ஒரு விரற்கடைத் தண்டையும் விட்டு முழுசாக வேகவைத்தால் நிறம் உள்ளேயே தங்கும். சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும்.

இனி கைவேலை. பீட்ரூட் சாறு விரலில் இவ்வளவு ஒட்டுகிறதே, துணிக்குச் சாயம் போடலாமே என்று தோன்றும். உப்பு போடு, வினிகர் போடு, நிற்கும் என்று யோசனை சொல்பவர்களும் நிறைய. நம்பாதீர்கள். பீட்டாலெயின் நூலோடு உறுதியாகப் பிணையாது, சில சலவையிலும் வெயிலிலும் போய்விடும். துணிக்கு வெங்காயத்தோல்தான் சரி. அதிலுள்ள குவெர்செட்டின் என்ற மஞ்சள் நிறமியைப் படிகாரத்தின் அலுமினியம் ஒரு பக்கமும் நூலை மறுபக்கமும் பிடித்துக்கொள்ளும். பொன்மஞ்சள் நிறம் நெடுநாள் நிற்கும்.

நிலைக்காத நிறமிகளுக்கு வேறொரு பயன் உண்டு. வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் 1842-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில், பூக்களின், இலைகளின் சாற்றைக் காகிதத்தில் பூசி வெயிலில் வைத்துப் படம் எடுத்ததை விவரித்தார். இந்த முறைக்கு ஆந்தோடைப் என்று பெயர். கேமரா வேண்டாம், ரசாயனம் எதுவும் வாங்க வேண்டாம். பசலைக்கீரையின் இலைகளையோ பீட்ரூட் சீவலையோ ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தடித்த வரைதாளில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. வெளிச்சம் படாத இடத்தில் காயவைக்க வேண்டும். அதன் மேல் தட்டையான ஒரு இலையையோ பூவையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு வெயிலில் வைத்துவிடுங்கள். வெயிலின் கடுமையையும் சாற்றையும் பொறுத்துச் சில மணி நேரமும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். இலை மூடிய இடம் நிறத்தோடு இருக்க, சுற்றிலும் வெளுத்துப் போயிருக்கும். நரம்புகள் வரை பதியவேண்டும் என்றால் மெல்லிய இலையாகத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் வெளுக்கிறது? நிறமி என்றாலே ஒளியை விழுங்கும் பொருள் என்றுதான் அர்த்தம். விழுங்கிய ஆற்றலை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். உயிருள்ள இலையில் குளோரோஃபில் அதை ஒளிச்சேர்க்கைக்குக் கொடுத்துவிடும். மிஞ்சியதைப் பக்கத்திலேயே நிற்கும் கரோட்டினாய்டுகள் வாங்கி வெப்பமாக வெளியேற்றும். அரைத்த இலையில் அந்த ஏற்பாடு குலைந்துபோயிற்று. ஆற்றல் அருகிலிருக்கும் ஆக்சிஜனுக்குப் போகும். வெறியேறிய ஆக்சிஜன் நிறமியின் இரட்டைப் பிணைப்பு வரிசையைத் தாக்கி அறுக்கும். வரிசை அறுந்தால் ஒளியை விழுங்க முடியாது, நிறமும் இல்லை. இதே காரணத்தால்தான் ஆந்தோடைப் படத்தை நிலைநிறுத்த ஹெர்ஷெலாலும் முடியவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் மாட்டிய இடத்திலேயே வெளுத்துவிடும். மூடிய ஆல்பத்தில் வையுங்கள், செய்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஹெர்ஷெல் இன்னொன்றும் கவனித்தார்: ஒரு நிறத்தைப் பெரும்பாலும் அழிப்பது அதற்கு எதிரான நிற ஒளி. விழுங்கப்படும் ஒளிதானே வேலை செய்ய முடியும். வீட்டில் விடுமுறையில் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடமே விட்டுவிடலாம். பீட்ரூட் சாறு பூசிய காகிதத்தின் ஒரு பாதியைச் சிவப்புக் கண்ணாடித்தாளாலும் மறுபாதியைப் பச்சைக் கண்ணாடித்தாளாலும் மூடி, ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் வெயில் படும்படி வையுங்கள். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் கொஞ்சத்தைத் தடுத்துவிடும், அதனால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பீட்டாலெயின் பச்சை ஒளியை விழுங்குவது, ஆகவே பச்சைத் தாளின் அடியில் முதலில் வெளுக்க வேண்டும். அடுத்த காகிதத்தில் கீரைச் சாற்றைப் பூசி அதே இரண்டு தாள்களைப் போடுங்கள். குளோரோஃபில் விழுங்குவது சிவப்பும் நீலமும். எந்தப் பாதி முந்தும் என்று தாளை எடுப்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.