பனீர் வடித்த தண்ணீரில் வே புரோட்டீன் இருக்கிறதா?

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி உண்டு. டப்பாவில் விற்கிற வே புரோட்டீன் பொடி திரிந்த பாலின் தண்ணீரிலிருந்துதானே வருகிறது, வீட்டில் பனீர் வடித்த தண்ணீரையே குடித்தால் போதாதா? முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் சூடு கெடுத்துவிடுகிறது.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3.3 கிராம் புரதம். அதில் ஐந்தில் நாலு பங்கு கேசீன், மீதி வே. எலுமிச்சை பிழிந்ததும் திரள்வது கேசீன்தான்; வே தண்ணீரிலேயே கரைந்து நிற்க வேண்டியது. ஆனால் நாம் பாலைப் பொங்கவிட்டுத்தானே சாறு பிழிகிறோம்? 70 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வே புரதத்தின் மடிப்பு அவிழ ஆரம்பிக்கும். அவிழ்ந்தது கேசீனோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள் போய்விடும். துணிக்குக் கீழே சொட்டுகிற தண்ணீரைக் கவனியுங்கள்: பச்சை கலந்த மஞ்சள். அந்த நிறம் ரைபோஃப்ளேவின் வைட்டமினுடையது. மற்றபடி லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, உப்புகள், சொற்பப் புரதம். சப்பாத்தி மாவு பிசைய அது அருமையானது. புரதத்துக்காகக் குடிப்பது வீண். ஆற்காட்டு மக்கன் பேடாவுக்குக் கிண்டும் கோவாவில் எதையும் வடிப்பதில்லை, அதனால் இரண்டு புரதமும் சட்டியிலேயே தங்கிவிடும்.

சீஸ் ஆலையில் கதை வேறு. பாலை 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் காய்ச்சி, 30 டிகிரி சுமாருக்கு ஆறவைத்து, ரென்னெட் நொதியால் உறையவைக்கிறார்கள். வே பெரும்பாலும் கெடாமல் தண்ணீரோடு வெளியேறும். அந்தத் தண்ணீரை நுண்துளைச் சவ்வில் அழுத்தித் தள்ளினால் லாக்டோஸும் உப்பும் கடந்துவிடும், புரதம் தங்கும். பிறகு வெந்காற்றில் பனிபோலத் தெளித்துப் பொடியாக்குவார்கள். 80 சதவீதப் புரதமுள்ள கான்சன்ட்ரேட் ஒரு கிலோவுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். இன்னும் வடித்து 90 சதவீதத்தைத் தொட்டால் ஐசோலேட். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு லாக்டோஸ் மிகக் குறைந்த ஐசோலேட்தான் ஏற்றது. பால் அலர்ஜி இருந்தால் இரண்டுமே ஆகாது.

கேசீன் வயிற்றின் அமிலத்தில் கட்டியாகி மெதுவாகச் செரிக்கும். வே திரவமாகவே இறங்கிவிடும். புரதத்தின் கட்டுமானத் துண்டுகள் அமினோ அமிலங்கள்; அவற்றில் தசை கட்டச் சொல்லித் தூண்டும் லூசின் வேயில் பத்தில் ஒரு பங்கு. வேறு மாயம் எதுவும் கிடையாது.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும். கடுமையாக எடை தூக்குகிறவர் 95 கிராம் வரை போகலாம். ஒரு முட்டையில் 6 கிராம், அரை லிட்டர் பாலில் 16. சாப்பாட்டைக் கணக்கிட்டு, குறைகிற அளவுக்கு மட்டும் பொடி போடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாங்கும்போது டப்பாவிலுள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணிக்கிறது. மலிவான கிளைசின், டாரின் கலந்தாலும், அவற்றிலும் நைட்ரஜன் இருப்பதால் எண் ஏறும். தனியாகச் சேர்த்த பொருளாக அவை பட்டியலில் இருந்தால் அந்த டப்பா வேண்டாம்.

ஷேக்கரில் முதலில் 200 மில்லி தண்ணீர், பிறகு பொடி. மாற்றிப் போட்டால் அடியில் பசைபோல ஒட்டும். கொதிக்கிற பாலில் போட்டால் திரிதிரியாகிவிடும், சத்து போகாவிட்டாலும் குடிக்க முடியாது.

வேலூர் வெயிலில் தகரக் கூரை அறையோ அடுப்பு மேடையோ டப்பாவுக்கு ஆகாது. ஈரக் கரண்டியும் கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் லாக்டோஸ் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். பொடி பழுப்பேறி, கட்டிதட்டி, கருகிய பால் வாடை அடித்தால் அந்த லைசின் இனி உடம்புக்குக் கிடைக்காது.